தராசு பிடித்த எங்கள் அப்பாவைப் பெரிய மனுஷன் என்று சொல்லலாமா?

தராசுக்காரர் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், தென்கடல் பக்கம். அப்பா தவறி 43 நாள் ஆகிறது. ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, வீட்டில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. 31 வருடம் கரையில் தராசு பிடித்தார், அவ்வளவுதான். நான் பார்த்த கரைகளில் பெரும்பாலும் வியாபாரியின் ஆள்தான் நிறுப்பான். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் அதனால் பெரிய தகராறு வந்து, கடைசியில் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து அப்பாவை அந்த வேலைக்கு வைத்தார்கள். விற்கிறவர் பாதி, வாங்குகிறவர் பாதி என்று கூலி.

கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மீனும் நண்டும் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் கரைக்கு வரும். தண்ணீர் எடை, கூடை எடை என்று பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கழித்துவிடுவார்கள். கழிவு என்று பெயர். எடுக்கிறவருக்கு அது வெறும் ஒரு கிலோ. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு ஆறு கிலோ நண்டோடு வருகிறவருக்கு அது அன்றைக்கு அரிசி. அப்பா கழிவே எடுக்க மாட்டார். கூடையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை காத்திருப்பார். தோளில் கிடக்கும் துண்டால் தட்டைத் துடைப்பார். வெறும் கூடையை முதலில் வைத்து இரண்டு பேருக்கும் காட்டிவிட்டுத்தான் சரக்கை வைப்பார். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தட்டு ஆடிக்கொண்டே இருக்கும், அப்போது காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று, ஒரு பனையோலைத் தட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முள் நிற்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். ஐஸ் கரைகிறது, வண்டி போய்விடும் என்று பின்னால் கத்துவார்கள். முள் நின்ற பிறகுதான் எண்ணைச் சொல்வார். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் இதே பழக்கம்தான்.

ஒருநாள் இரவு ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்தார். கிலோவுக்கு ஐம்பது கிராம் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பா காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் எப்போதும் போல நிறுத்தார். அந்த வியாபாரி அப்பாவை ஒன்றும் செய்யவில்லை, என் சித்தப்பாவுக்குக் கொடுத்துவந்த முன்பணத்தை நிறுத்திவிட்டார். சித்தப்பா இஞ்சினைப் பழுது பார்க்க முடியாமல் ஒரு சீசன் முழுக்க வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்.

இப்போது ஊரில் புது ஏலக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கமிட்டியில் சிலர் அப்பா பெயரை எழுதலாம் என்கிறார்கள். என் பெரியப்பாவே எதிர்க்கிறார். "அவன் என்னத்தைச் சாதிச்சான்? தராசுதானே பிடிச்சான், அதுக்குக் கூலியும் வாங்கினான்ல? பெரிய மனுஷன்னா நாலு பேரை வாழ வச்சிருக்கணும்" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒழுங்காக வேலை பார்த்ததற்குப் பெயர் பெருமையா, இல்லை வெறும் கடமையா? நேராகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ஓலைக்குடா தம்பி:

அண்ணே, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்கள் கரையில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் எங்கள் ஐயா கடனோடு செத்திருக்க மாட்டார்.

உச்சிப்புளி ஆசிரியர்:

தம்பி, நேராகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். உங்கள் அப்பா நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நல்லவர் வேறு, பெரியவர் வேறு. வள்ளுவர்கூடப் பெருமைக்கு ஓர் அதிகாரம், சான்றாண்மைக்கு அடுத்த அதிகாரம் என்று பிரித்துத்தானே வைத்தார்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் ராமேசுவரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்த பையன், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, ராக்கெட் செய்து, 2002-இல் குடியரசுத் தலைவரானார். பாஸ்கர சேதுபதி 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்றவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது, வண்டியில் இருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு சேர்ந்து தானும் வண்டியை இழுத்த மன்னர். செய்தாக வேண்டும் என்று இவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அந்த இடத்தில்தான் பெருமை என்ற சொல் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

தராசு பிடிப்பவர் சரியாக நிறுக்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் விதி. முதல் விதியைக் காப்பாற்றியவரை எல்லாம் பெரிய மனிதர் என்று எழுத ஆரம்பித்தால், திருடாமல் இருப்பதே சாதனை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 34 வருடம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் அந்தப் பயம் எனக்கு உண்டு.

பாம்பன் கேங்மேன்:

ஆசிரியர் ஐயா சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், பாம்பன் பாலத்திலேயே பாதி வயது போனது.

அந்தப் பாலம் 1914-இல் திறந்தது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்து, தனுஷ்கோடி போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது எல்லோருக்கும் தெரியும். பாலத்தின் கர்டர்கள் என்கிற இரும்பு உத்திரங்கள் ஏராளமாகக் கடலில் விழுந்தன, கப்பலுக்காகத் திறக்கிற நடுத் தூக்குப்பாலம் மட்டும் தாக்குப்பிடித்தது. சரி செய்ய ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், மூன்று மாதத்தில் முடி என்று மேலே இருந்து உத்தரவு, 46 நாளில் முடித்தார்கள். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று பெயர் பெற்றவர். அவர் பெரிய மனிதர்தான், மறுக்கவே இல்லை. ஆனால் கடலில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி மறுபடியும் தூணில் ஏற்றிய கைகள் எத்தனை? அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, அந்தப் பாலத்திலேயே இருந்தும் தெரியாது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடலுக்கு மேலே இரும்பு என்றால் துரு ஓயவே ஓயாது. ஒரு முனையில் இருந்து சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டே போய் மறுமுனையைத் தொடுவதற்குள் முதல் முனையில் மறுபடியும் பூத்துவிடும். எங்கள் கூட ஒரு அண்ணன் இருந்தார். கயிற்றில் தொங்கிக்கொண்டு கர்டரின் அடிப்பக்க மூலைகளில் சுத்தியால் தட்டித் தட்டிப் பார்ப்பார், சத்தம் மாறுகிற இடத்தில் சுரண்டுவார். நாங்கள் மேலோட்டமாக அடித்துவிட்டு ஏறிவிடுவோம், அவர் வெயில் சாய்கிறவரைக்கும் தொங்கிக்கொண்டிருப்பார். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு விழுந்து ரயில் நின்றுவிடும், அந்த மாதிரி நாளுக்கு முந்தின நாள்கூட அவர் கீழே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்த பகுதியில் துரு வரவில்லை. வராத துருவை யாருக்குக் காட்டுவது? நல்ல வேலையில் பாதி இப்படித்தான், நடக்காமல் போன கெடுதல் யார் கண்ணுக்கும் தெரியாது. தராசுக்காரர் காப்பாற்றிய ஒவ்வொரு கிலோவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதைக் கடமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடாதீர்கள் ஐயா.

2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்த அன்று நான் அந்த அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேவிபட்டினம் சம்மாட்டி:

இந்த இழையில் முன்பணம் கொடுக்கிறவன் எல்லாம் கெட்டவன் என்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில்தான். அந்த இரண்டு மாதம் கூலிக்குப் போகிற ஆட்களின் வீட்டு அடுப்பு யார் கொடுக்கிற பணத்தில் எரிகிறது? நான் வட்டி வாங்குவதில்லை, எழுதியும் வைத்துக்கொள்வதில்லை. பெருமை என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. பணம் வைத்திருப்பவனும் ஒழுக்கமாக இருக்க முடியும் என்று சொல்ல வந்தேன்.

இன்னொன்று. தம்பி, உங்கள் அப்பா முடியாது என்று சொன்னதற்கு விலை கொடுத்தது உங்கள் சித்தப்பா. ஒரு சீசன் வள்ளம் கரையில் கிடப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் அப்பா ஒரு வார்த்தை பேசினாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கை தூக்க மாட்டேன்.

தராசுக்காரர் மகன்:

நியாயமான கேள்வி அண்ணே. பேசவில்லை. அந்த வருடம் சித்தப்பா வீட்டுக்கு அரிசி மட்டும் போனது, அதுவும் அம்மா கொடுத்தனுப்பியது. ஆனால் சித்தப்பா இன்றுவரை அப்பாவைக் குறை சொன்னதில்லை, கூட்டத்தில் அப்பா பெயரை முதலில் சொன்னதே அவர்தான். அவரையும் யாராவது பெரிய மனுஷன் என்று சொல்ல வேண்டும் என்று இப்போது உங்கள் கேள்வியைப் படித்த பிறகு தோன்றுகிறது.

பாசிக்காரி மகள்:

நான் பாம்பன் பக்கம். அம்மா கடல்பாசி எடுக்கிறவர். எனக்கு இந்தப் பேச்சில் ஒரு கோபம் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன்.

என் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு கடலில் இறங்குவார். இடுப்பில் ஒரு வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் இருக்கும் மரிக்கொழுந்து பாசியைப் பறித்துவிட்டு மேலே வந்து ஒரு மூச்சு, மறுபடி முங்கு. ஆறு மணி நேரம். துணியையும் தாண்டிப் பாறை கிழிக்கும், அந்தக் கையோடு வந்துதான் புளி கரைப்பார். பாசியைப் பிடுங்க மாட்டார், நுனியைக் கிள்ளி வேரைப் பாறையிலேயே விட்டுவிடுவார். ஏன் அம்மா என்று கேட்டால், "அடுத்த அமாவாசைக்கு நான்தானடி வரணும்" என்பார்.

1986-இல் இந்தப் பக்கத்து 21 தீவையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அம்மாவும் அவர் அம்மாவும் போய் வந்த இடம் ஒரே நாளில் தடை செய்யப்பட்ட இடமானது. அப்புறம் இந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று முடிவு செய்தார்கள். பாசி வளர நாள் விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-இல் வெளிநாட்டில் இருந்து விருதுகூட வந்தது. எங்களுக்கெல்லாம் அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் பாசி எடை போடுகிற இடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? "ஆத்தா, உனக்குப் பெரிய மனசு" என்று சொல்லிக்கொண்டே ஈரம், மண் என்று கழிப்பார்கள். பெரிய மனசு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் கூலிக்குப் பதிலாக வந்து சேர்ந்த வார்த்தை. பெண்கள் செய்கிற வேலையைத் தியாகம், பொறுமை, பெருமை என்று சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் யாரையாவது பெரியவர் என்று அழைக்கும் முன்னால், அவர் வேலைக்கு உரியதைக் கொடுத்தோமா என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தராசுக்காரர் ஐயா எனக்குப் பெரியவர். காரணம் ரொம்பச் சின்னது. அவர் தராசில் என் அம்மா நின்றிருந்தால் முழு எடைக்குக் காசு கிடைத்திருக்கும்.

ஒரு கேள்வி கேட்கலாமா அண்ணா? இவ்வளவு நேரம் கரையைப் பற்றியே எழுதினீர்கள். வீட்டில் அப்பா எப்படி?

கீழக்கரை காக்கா:

பாசிக்காரி மகள் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் துபாயில் 22 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன்.

எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதி காலத்து மரைக்காயர், கப்பல் வணிகர், உமறுப் புலவரை ஆதரித்தவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று இன்றைக்கும் தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். பரிசுக்கு வந்த படிக்காசுப் புலவர், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டு அடக்கத்தலத்தில் நின்று அழுது பாட, உள்ளிருந்து மோதிரக்கை நீண்டது என்று கதை. கதையில் எனக்குப் பிடித்தது மோதிரம் இல்லை. கொடுக்கிறவர் வீட்டு வாசலில் ஒரு ஏழைப் புலவன் கூசாமல் வந்து நிற்க முடிந்தது, அதுதான். இந்தக் காலத்தில் உதவி வாங்குகிறவன் போட்டோவுக்குத் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வாப்பா ஒன்று சொல்வார்கள்: ஒருத்தர் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் சின்ன ஆள், அவர் இருக்கும்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பெரிய ஆள். உங்கள் அப்பா தராசு பிடித்தபோது இரண்டு கிலோ நண்டோடு வந்தவர் நிமிர்ந்து நின்றாரா? நின்றார் என்றால் எனக்கு வேறு கேள்வி இல்லை.

தராசுக்காரர் மகன்:

பாசிக்காரி மகள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். படிப்பில் என்னைவிட எவ்வளவோ கெட்டி. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, அதனால் அவள் எட்டாவது படிக்கும்போதே தராசு நோட்டை அவள்தான் எழுதுவாள். மாலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்து சொல்லச் சொல்ல இவள் எழுதிக் கூட்டுவாள். பத்தாவதில் கணக்கில் 96 மார்க். அதோடு நிறுத்திவிட்டார் அப்பா. நான் பாலிடெக்னிக் போக வேண்டும், இரண்டு பேருக்கும் பணம் இல்லை, பெண் பிள்ளை பஸ் ஏறி எதற்குப் போக வேண்டும் என்றார். அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

கரையில் யாருக்கும் ஒரு கிராம் குறைக்காதவர் வீட்டுக்குள் இப்படிச் செய்தார். ஒரே மனிதர்தான். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓலைக்குடா தம்பி:

அண்ணே, போனவரைப் பற்றி இப்படிப் பொதுவில் எழுத வேண்டுமா? அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பாசிக்காரி மகள்:

எல்லோர் வீட்டிலும் இருந்தது என்பதால் அக்காவுக்கு வலி குறைந்திருக்காது தம்பி. அண்ணா எழுதியது நல்லது.

உச்சிப்புளி ஆசிரியர்:

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கருத்தில் ஒரு பகுதியை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

பள்ளியில் வருடாவருடம் கலாம் ஐயாவைப் பற்றிப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்தவன் நான். பேப்பர் போட்ட சிறுவன், ராக்கெட், குடியரசுத் தலைவர் என்று ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரே ஒரு வரி வரும்: சென்னை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணம் கட்டப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இந்த வரியைச் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சுகூட விடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த அக்கா படித்தாரா, அவருக்கு என்ன ஆசை இருந்தது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கலாம் ஐயா அதை மறக்காமல் ஊர் அறியச் சொன்னார், அது அவருடைய பெருமை. கேட்ட நாங்கள்தான் ஓடிவிட்டோம்.

செய்யாவிட்டாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த இடத்தில்தான் பெருமை என்று முதல் பதிவில் எழுதினேன். அந்த அளவுகோலை வைத்தால் ஜொஹரா அம்மா எங்கேயோ போய்விடுகிறார். என் அளவுகோல் சரிதான் போலிருக்கிறது, அதை யார் மீது வைத்துப் பார்த்தேன் என்பதில்தான் தப்பு செய்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் அக்கா இதையெல்லாம் படிக்கிறாரா?

தராசுக்காரர் மகன்:

நேற்று நானே அனுப்பிவைத்தேன் ஐயா. படித்துவிட்டுப் போன் செய்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். நானே எழுதுகிறேன் என்றாள்.

தராசுக்காரர் மகள்:

வணக்கம். எல்லோரும் என் பொருட்டு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேக வைத்த நண்டில் இருந்து சதை எடுக்கிற வேலையில் சேர்ந்தேன், இப்போது எடை எழுதுகிற இடத்தில் இருக்கிறேன்.

தம்பி, நீ அன்றைக்குச் சந்தோஷப்பட்டது எனக்கு அப்போதே தெரியும். உனக்கு வயது பதிமூன்று. அதை விடு.

அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்பார் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். கல்யாணமாகி நான் பக்கத்து ஊருக்குப் போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சைக்கிளில் வருவார். பை நிறைய ஏதாவது இருக்கும், நோட்டும் இருக்கும். கூட்டிப் பார் என்பார். கூட்டிக் கொடுப்பேன். வேறு யார் கூட்டினாலும் நம்பமாட்டார், ஊரில் படித்த பையன்கள் எத்தனையோ பேர் இருந்தும் ஒன்பது கிலோமீட்டர் வருவார். கூட்டி முடித்ததும் நோட்டை வாங்கி ஒரு தடவை தடவிவிட்டுப் பைக்குள் வைப்பார். அதில் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் எனக்கு அது போதவில்லை. இரண்டும் உண்மை. அவர் தராசில் நின்றதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும், பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் ஏறினால் இன்றைக்கும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

பெரியப்பா கேட்டதற்கு என் பதில் இது. நாலு பேரை வாழ வைத்தாரா என்று கேட்டார் இல்லையா? நோட்டு முழுக்க என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே எத்தனை கிலோ என்று இருக்கிறது. கழிவு எடுத்திருந்தால் பத்தில் ஒன்று போயிருக்கும். 31 வருடத்துக்கு அது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நேரமில்லை என்றால் நானே கூட்டித் தருகிறேன்.

பலகையில் பெரிய மனுஷன், மாமனிதர், உத்தமர் எதுவும் எழுத வேண்டாம். அவர் இருந்தால் அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டார், எனக்கும் அது முழு உண்மையாக இருக்காது. பெயரை எழுதி, "இந்தக் கரையில் 31 வருடம் தராசு பிடித்தவர்" என்று மட்டும் எழுதச் சொல். இன்னொன்றும் செய்ய வேண்டும். ஏலக்கூடத்துக்குள் ஒரு பொதுத் தராசு வைக்க வேண்டும், முத்திரை போட்டது. வியாபாரி நிறுத்ததில் சந்தேகம் இருக்கிற யாரும், யாரிடமும் கேட்காமல், தானே ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்பா போன பிறகு இந்தக் கொஞ்ச நாளில் மறுபடியும் கழிவு ஆரம்பித்துவிட்டது என்று சித்தப்பா சொன்னார். பெயர் மட்டும் மேலே இருந்துகொண்டு, கீழே கழிவு நடந்தால் நான் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க மாட்டேன்.

கீழக்கரை காக்கா:

லாத்தா, அந்தத் தராசு வாங்குகிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் பெயர் எங்கேயும் வர வேண்டாம்.

தேவிபட்டினம் சம்மாட்டி:

நான் கை தூக்கிவிட்டேன் தம்பி. எங்கள் கரையிலும் இப்படி ஒன்று வைக்க முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேசுகிறேன். வியாபாரிகள் முறைப்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாசிக்காரி மகள்:

அக்கா, பாசிக் கொட்டகையிலும் ஒன்று வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று உங்களிடம் பேச வேண்டும், தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பாம்பன் கேங்மேன்:

ஒரு சின்ன யோசனை. எலக்ட்ரானிக் தராசு என்றால் உப்புக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். பக்கத்திலேயே ஒரு தட்டுத் தராசும் எடைக்கல்லும் வையுங்கள், மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டால் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். எண்ணெய் போட ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

தராசுக்காரர் மகன்:

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை கமிட்டிக் கூட்டம், அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நோட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் 27 நோட்டு, இரண்டு கரையான் அரித்திருக்கிறது. சித்தப்பா ஆட்டோ சொல்லிவிட்டார். தராசை வாசலுக்கு நேராக, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்கலாம் என்று அவர் சொல்கிறார்.

தராசுக்காரர் மகள்:

வாசலுக்கு நேராக வேண்டாம் தம்பி. வாசல் மேற்கே பார்த்திருக்கிறது, கச்சான் அடித்தால் முள் நிற்காது. கிழக்குச் சுவர் ஓரமாக வைக்கச் சொல்.